ஒற்றெழுத்தும் ஒலிப்பதிவு அறையும்

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், இதழியல் கற்பிக்கும் கல்லூரி ஒன்றில் காஞ்சிபுரத்து நெசவைப் பற்றி நான் ஆற்றிய சிறு உரையொன்றை அங்குள்ள மாணவர்கள் ஒலிப்பதிவு செய்தார்கள். மைக்கும் கணிப்பொறியும் புதியவை, விலை மிகுந்தவை. பதிவு செய்த பிள்ளைகளும் தங்கள் காரியத்தில் கருத்தூன்றியவர்கள். மின்விசிறியின் இரைச்சல் பதிவில் ஏறிவிடுமே என்று அதையும் நிறுத்திவிட்டு, கழுத்தில் வியர்வை வழிய, அரை மணி நேரம் அசையாமல் நின்றார்கள். அறை மட்டும் வகுப்பு நடத்தும் சாதாரண அறை: பளபளப்பான கல் தரை, பூச்சு வழவழத்த நாற்சுவர், ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி ஜன்னல். மறுநாள் அந்தப் பதிவைக் கேட்டபோது, கிணற்றுக்குள் நின்று ஒருவன் கூப்பிடுவதைப்போல் என் குரல் ஒலித்தது. உரைக்கெல்லாம் உயிர்நாடியான 'பட்டு' என்னும் சொல் வந்த இடங்களிலோ, நடுவிலிருந்த ஒற்று கரைந்து போய், பட்டோ, பாட்டோ, படுவோ என்று பிரித்தறிய முடியாதபடி குழம்பிக் கிடந்தது.

"மைக்கில் ஏதாவது கோளாறா, சார்?" என்று அந்த மாணவர்களுள் ஒருத்தி வருத்தத்தோடு கேட்டாள். மைக்கில் கோளாறே இல்லை. அது தன் முன் வந்த சப்தத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. கோளாறு அறையில் இருந்தது. அன்று முதல், பல்கலைக்கழகங்களின் இதழியல் துறைகளுக்குப் போக நேரும்போதெல்லாம், அங்குள்ளவர்கள் பெருமிதத்தோடு காட்டும் காமிராக்களையும், விளக்கு வரிசைகளையும், செய்தி வாசிப்பவர் கண்ணெதிரே எழுத்துகளை ஓடவிடும் திரையையும், பல காட்சிகளைக் கலந்து இணைக்கும் மேஜையையும் மரியாதையுடன் பார்த்துவிட்டு, ஒலிப்பதிவு அறையைத் திறந்து காட்டும்படி கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு முறை கையைத் தட்டிப் பார்ப்பேன். அந்தக் கைத்தட்டு 'டப்' என்று விழுந்த இடத்திலேயே மடிந்து போகுமானால், இத்துறையைக் கட்டியவர்கள் விஷயம் அறிந்தவர்கள் என்று என் மனம் நிறையும். மற்ற சாதனங்கள் ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிப் புதியவற்றுக்கு இடம் கொடுக்கும். நன்றாகக் கட்டிய மௌனம் ஐம்பது ஆண்டுகள் பயன் தரும்.

மௌனத்தைக் கட்டுவது என்று நான் சொல்வது அலங்காரப் பேச்சன்று. 'பட்டு' என்ற சொல்லை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பகரமும் அதன் மேல் ஏறிய அகரமும் ஒலித்தவுடன் நாக்கு மேலண்ணத்தில் அழுந்தி நிற்கிறது, மூச்சு தடைப்படுகிறது, ஏறத்தாழ விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வாயிலிருந்து சப்தமே வெளிப்படுவதில்லை, பிறகு நாக்கு விடுபட, 'டு' பிறக்கிறது. இடையில் நின்ற அந்த வல்லின ஒற்று காதுக்கு ஓசையாக வருவதில்லை, நிசப்தமாக வருகிறது. அந்த நிசப்தத்தின் நீளத்தைக் கொண்டே நாம் 'படு' என்பதினின்று 'பட்டு' என்பதையும், 'பதி' என்பதினின்று 'பத்தி' என்பதையும் பிரித்தறிகிறோம். கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாக வைத்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று வகுத்த தொல்காப்பியர், ஓசையற்ற அந்த இடைவெளிக்கும் கணக்கில் பங்கு கொடுத்திருக்கிறார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. குறில் நெடிலாக நீண்டாலும், அரை மாத்திரை மௌனம் தூர்ந்து போனாலும் பொருள் மாறிவிடும் மொழி நம்முடையது. அதைப் பதிவு செய்யும் அறையில் முந்திய எழுத்தின் ஓசை பிந்திய எழுத்தின் மேல் கவிந்து நிற்குமானால், கேட்பவன் என்ன செய்வான்?

இந்தக் கவிதலை அளந்து பார்க்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் வாலஸ் ஸேபின் என்னும் அமெரிக்கப் பௌதிக ஆசிரியர். அவருடைய ஆராய்ச்சி தொடங்கியதும் ஒரு சர்வகலாசாலையின் விரிவுரை மண்டபத்தில்தான். 1895-இல் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஃபாக் கலைக்கூடத்தைச் சேர்ந்த விரிவுரை மண்டபம் திறக்கப்பட்டபோது, அங்கே நின்று பேசும் ஆசிரியரின் சொற்களை எதிரில் அமர்ந்தவர்களால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. சொன்ன சொல்லின் எதிரொலி அடங்க ஐந்தரை விநாடிக்கு மேல் பிடித்தது. அதற்குள் அடுத்த பன்னிரண்டு பதினைந்து அசைகள் வந்து அதன் மேல் விழுந்தன. ஏதாவது செய்ய முடியுமா என்று நிர்வாகத்தார் கேட்க, முப்பது வயதும் நிரம்பாத ஸேபின் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஊரடங்கிய இரவுகளில், உதவிக்குச் சிலரை வைத்துக்கொண்டு, அருகிலிருந்த ஸாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்புவார். ஆர்கன் குழல் ஒன்றை ஊதி நிறுத்திவிட்டு, அதன் சப்தம் காதுக்கு அறவே எட்டாமற்போகும் வரையில் உள்ள நேரத்தை அளப்பார். மெத்தைகளைக் கூட்டுவார், குறைப்பார், மறுபடி அளப்பார். பொழுது விடிவதற்குள் அத்தனையையும் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

அந்த இரவுகளின் உழைப்பிலிருந்து அவர் கண்ட விதி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. அறை எவ்வளவுக்கெவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கவ்வளவு எதிரொலி நீளும். அறையிலுள்ள பொருள்கள் எவ்வளவுக்கெவ்வளவு சப்தத்தை விழுங்குகின்றனவோ அவ்வளவுக்கவ்வளவு அது குறையும். விழுங்கும் சக்திக்கு அவர் வைத்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது: திறந்து வைத்த ஜன்னல். ஜன்னல் வழியே வெளியே போன சப்தம் திரும்பி வருவதில்லை. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் தன் மேல் படும் சப்தம் முழுவதையும் விழுங்கிவிட்டதாகவே கொள்ளலாம். ஒரு பொருள் இத்தனை சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம் என்று மதிப்பிட்டுக்கொண்டு, அறையின் கன அளவை அத்தொகையால் வகுத்து 0.161 ஆல் பெருக்கினால், சப்தம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய்ந்து போக ஆகும் விநாடிகள் கிடைக்கும்.

எனக்கு வாய்த்த அந்த அறையைப் போலவே சுவரும் தரையும் கொண்ட, ஆனால் அளவில் சிறிய அறை ஒன்றை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.75 மீட்டர், கன அளவு 33. தரையும் கூரையும் சுவர்களுமாக மேற்பரப்பு 62.5 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் கல் தரையும் தம்மேல் படும் சப்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் விழுங்கும் என்று வைத்துக்கொண்டால், அத்தனை பெரிய பரப்பும் இரண்டு சதுர மீட்டர் ஜன்னலுக்குக்கூட ஈடாவதில்லை. எதிரொலி அடங்க 2.8 விநாடி பிடிக்கும். பேச்சைப் பதிவு செய்வதற்கு உகந்த சிறு அறையில் அது 0.3 விநாடி அளவில் இருப்பது நல்லது. 'பட்டு' என்பதன் நடுவில் நிற்கும் பத்தில் ஒரு விநாடி மௌனம் இவ்விரண்டிலும் என்ன ஆகிறது என்று பாருங்கள். வெற்றறையில் அந்த நேரத்துக்குள் முன்சென்ற அகரத்தின் ஓசை 2 டெசிபெல்தான் தாழ்கிறது. அதாவது அதன் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்னும் அறையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மௌனம் இருக்க வேண்டிய குழியை அகரத்தின் எச்சம் வந்து தூர்த்துவிடுகிறது. செம்மையான அறையிலோ அதே நேரத்தில் 20 டெசிபெல் தாழ்ந்து, நூற்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுவதால், ஒற்று தன் இடத்தில் ஒற்றாகவே நிற்கிறது.

சப்தத்தை விழுங்கும் பொருள்களைப் பற்றி மாணவர்களிடையே பிழையான எண்ணம் ஒன்று வேரூன்றியிருக்கிறது. முட்டை அடுக்கி வரும் காகித அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டிவிட்டால் அறை ஒலிக்கூடமாகிவிடும் என்று நம்பி, விடுதிக்கு வரும் அட்டைகளையெல்லாம் பல மாதம் சேர்த்து வைத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஆர்வத்தைக் கண்டு என் நெஞ்சு உருகியது. சிறு துளைகள் நிறைந்த பொருளுக்குள் காற்றின் அசைவு நுழையும்போது, துளைகளின் ஓரங்களில் உராய்ந்து, தன் சக்தியைச் சிறிதளவு உஷ்ணமாக இழக்கிறது. கம்பளமும் கண்ணாடி நார்ப் பாயும் சப்தத்தைத் தணிப்பது இவ்வகையில்தான். ஆனால் காற்றின் அசைவு சுவரை ஒட்டினாற்போல் மிகக் குறைவு. சுவரிலிருந்து கால் அலை நீளத்துக்கு அப்பால்தான் அது மிகுதியாக இருக்கிறது. ஆணின் கட்டைக் குரலில் உள்ள 100 ஹெர்ட்ஸ் அளவிலான ஓசைக்கு அலை நீளம் 3.4 மீட்டர், அதில் கால் பங்கு 85 சென்டிமீட்டர். இரண்டு விரற்கடை கனமுள்ள அட்டையோ நுரைப் பஞ்சோ இவ்வோசையை ஒன்றும் செய்யாது. அது கீச்சுக் குரலை மட்டும் தின்றுவிட்டு, கட்டைக் குரலை அப்படியே விட்டுவைக்க, பேசுபவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவதைப்போல் பதிவாகும். ஆகவேதான் நன்றாகக் கட்டிய கூடங்களில் சுவருக்கும் அதன் மேல் போர்த்திய பாய்க்கும் இடையே காற்றுக்கென்று இடைவெளி விடுகிறார்கள். மூலைகளில் கனமான திண்டுகளை நிறுத்துகிறார்கள்.

உள்ளே பிறந்த சப்தத்தை அடக்குவது ஒன்று. வெளியே பிறந்த சப்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறொன்று. பஞ்சும் கம்பளமும் முன்னதற்கே பயன்படும். பின்னதற்கு வேண்டியது கனம். சுவரின் எடையை இரட்டித்தால் அது தடுக்கும் சப்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும் என்பது பொது விதி. அதைவிட முக்கியமானது ஓட்டை இல்லாமை. குடத்தில் ஊசி முனையளவு ஓட்டையிருந்தாலும் தண்ணீர் நிற்காது அல்லவா? சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சத் தொண்ணூற்றொன்பது பங்கும் கருங்கல்லாலேயே கட்டியிருந்தாலும், 20 டெசிபெலுக்கு மேல் அந்தச் சுவர் தடுக்காது. கதவின் அடியில் விரல் நுழையும் சந்து ஒன்று போதும், சாலையில் போகும் ஸ்கூட்டர் பதிவுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ள. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வைத்து நடுவே சிறு நடை விடுவதும், பதிவு அறைக்கும் இயந்திர அறைக்கும் இடையிலுள்ள கண்ணாடியை வெவ்வேறு கனமுள்ள இரு பலகைகளாகப் பிரித்து வைப்பதும் இதற்காகத்தான். நம் ஊர் வெப்பத்தில் குளிரூட்டும் கருவி இல்லாமல் முடியாது. அதன் காற்று ஓசையின்றி வர வேண்டுமானால், அகலமான குழாயில் மெதுவாக வர வேண்டும். குறுகலான குழாய் விலை குறைவு என்று வாங்கி, பிறகு ஒவ்வொரு பதிவின்போதும் கருவியை நிறுத்தி வைத்துப் பிள்ளைகளைப் புழுக்கத்தில் வாட்டும் நிலையங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகே மைக்கின் முறை வருகிறது. மிக மெல்லிய சவ்வு ஒன்றைக் காற்று தள்ள, அந்தத் தள்ளல் மின்சாரத்தின் ஏற்றத் தாழ்வாக மாறுகிறது. மைக்கின் சாரம் அவ்வளவே. சவ்வோடு கம்பிச் சுருள் ஒன்றைப் பிணைத்து அதைக் காந்தத்தின் நடுவே அசையவிடுவது ஒரு முறை. சவ்வையே மின்தேக்கியின் ஒரு தகடாக்குவது மற்றொரு முறை. இதை 1916-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த வென்டே என்பவர் செய்து காட்டினார். அவ்வகை மைக்குக்கு வெளியிலிருந்து மின்னூட்டம் கொடுக்க வேண்டியிருந்த தொல்லையை, மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தன்னுள் வைத்திருக்கும் சவ்வை 1962-இல் உருவாக்கி, ஸெஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவரும் நீக்கினார்கள். நிருபர் சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் சுண்டுவிரல் நகமளவு மைக் அவ்விருவரின் கொடை. எந்த மைக்கானாலும் வாய்க்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேரே வந்து சேரும் குரலின் சக்தி நான்கு மடங்காகிறது. அறையின் எதிரொலியோ எங்கும் ஒரே அளவில் நிற்பதால் மாறுவதில்லை. வசதியற்ற அறையில் பதிவு செய்ய நேரும் மாணவனுக்கு இதைவிடப் பெரிய மந்திரம் கிடையாது. அன்று நான் மேஜைக்குப் பின்னால் நின்று, ஒரு கை நீளத்துக்கு அப்பாலிருந்த மைக்கைப் பார்த்துப் பேசினேன். அதை ஒரு சாண் தூரத்துக்கு இழுத்து வைத்திருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

மின்சாரமாக மாறிய குரலைக் கணிப்பொறி விநாடிக்கு 48,000 தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. காது கேட்கும் மிக உயர்ந்த அதிர்வு விநாடிக்கு 20,000. அதைப் பிழையின்றி மீட்க, அதைப்போல் இரு மடங்குக்கு மேலாக அளக்க வேண்டும் என்பது கணிதம் கண்ட உண்மை. முன்னாளில் இந்த வேலையைக் காந்த நாடா செய்தது. விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில், நம்முடைய அந்த ஒற்றின் மௌனம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம் கிடக்கும். பழைய வானொலிக்காரர்கள் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, ஓசை முடிந்து மௌனம் தொடங்கும் இடத்தைக் காதால் கண்டு, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பிளேடினால் சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். மௌனத்தை விரலால் தொட்டறிந்தவர்கள் அவர்கள். இன்றைய மாணவன் திரையில் அலையுருவத்தைப் பார்த்து, தட்டையாகக் கிடக்கும் பகுதிகளை ஒரு நொடியில் நீக்கிவிடுகிறான். இங்கேதான் ஆசிரியர் அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். "உங்கள் மகன் எங்கே இருக்கிறான், அம்மா?" என்ற கேள்விக்கு, மூன்று விநாடி பேசாமலிருந்துவிட்டு "நன்றாக இருக்கிறான்" என்று சொன்ன தாயின் பேட்டியில், அந்த மூன்று விநாடியை வெட்டி எறிந்தால், அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடாதா? சொல்லை மாற்றுவது குற்றம் என்று எல்லா இதழியல் பள்ளிகளும் கற்பிக்கின்றன. மௌனத்தை மாற்றுவதும் அதே குற்றம்தான் என்பதை ஒலிப்பதிவு அறையில் வைத்துத்தான் கற்பிக்க முடியும்.

பதிவு செய்ததை ஒலிபரப்பும் வசதி மாணவர் கையில் இருப்பது தனிப் பாக்கியம். அந்தப் பாக்கியம் நம் நாட்டில் முதன்முதல் வாய்த்தது சென்னை மாணவர்களுக்கு. நல்ல நிலையிலுள்ள கல்வி நிலையங்கள் தத்தம் வளாகத்தில் வானொலி நடத்தலாம் என்று 2002 டிசம்பரில் மத்திய அரசு முடிவு செய்ய, கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி 'அண்ணா பண்பலை' தொடங்கியது. அதன் அலை, விநாடிக்கு 9 கோடியே 4 லட்சம் முறை துடிப்பது, நீளம் 3.3 மீட்டர். ஆணின் கட்டைக் குரல் காற்றில் எழுப்பும் அலையின் நீளமும் ஏறக்குறைய அதுவே என்பதைச் சற்று நின்று ரசிக்கலாம். ஒன்று காற்றின் நடை, மற்றொன்று ஒளியின் வேகம். பண்பலை முறையில் குரலின் ஏற்றத் தாழ்வு அலையின் உயரத்தில் எழுதப்படுவதில்லை. துடிப்பின் விரைவில் எழுதப்படுகிறது. மின்னலும் மோட்டார்ப் பொறியும் அலையின் உயரத்தையே கெடுப்பவை. ஆகையால் உயரத்தைச் சமமாகச் சீவித் தள்ளிவிட்டு விரைவை மட்டும் வாசிக்கும் வானொலிப் பெட்டியில் இரைச்சல் தங்குவதில்லை. 1933-இல் ஆர்ம்ஸ்ட்ராங் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒற்றின் மௌனம் நேயர் வீடு வரையில் மௌனமாகவே போய்ச் சேர்வது அவரால்.

இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் 50 வாட் சக்தியில் ஒலிபரப்புபவை. அந்தச் சக்தியைக் கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு வரை குரல் போகிறது. பழைய கூரை மின்விசிறி ஒன்று இழுக்கும் மின்சாரம் இதைவிட அதிகம். இதே சென்னையில் 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய சென்னை மாகாண ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கியதும் 40 வாட் கருவியைக் கொண்டுதான். எண்பது ஆண்டு இடைவெளியில் இந்த நகரம் இருமுறை, மின்விசிறியினும் சிறிய சக்தியை நம்பி, வானத்தில் முதற்குரல் எழுப்பியிருக்கிறது. இத்தகைய வளாக நிலையங்கள் உள்ளிட்ட சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பலாகாது என்ற விதி மட்டும் என்னை உறுத்துகிறது. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்ட நாட்டில், செய்தி சேகரிக்கக் கற்கும் பிள்ளைகள் தங்கள் நிலையத்தில் வானிலையையும் போக்குவரத்து நிலவரத்தையும் சொல்லலாம், தாங்கள் விசாரித்தறிந்த செய்தியைச் சொல்லக் கூடாது என்பது மாற வேண்டியது.

மைக்கில் கோளாறா என்று அன்று கேட்ட அந்தப் பெண், அடுத்த ஆண்டு, நெசவைப் பற்றித் தானே ஒரு நிகழ்ச்சி தயாரிக்கப்போவதாகச் சொல்லி என்னைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனாள். தறி போட்டிருந்த கூடம் ஓட்டுக் கூரையும் மண் பூச்சுச் சுவரும் கொண்டது. நூல் கண்டுகளும் பாவு நூலும் பழைய துணி மூட்டைகளும் நிறைந்து, எதிரொலி என்பதே இல்லாமல் கிடந்தது. தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, பேசும்போது மட்டும் தறி நாடாவை நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டு, மைக்கை அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள். ஊடை இழையும் ஜரிகையும் வாங்கும் பாட்டை அவர் நாற்பது நிமிஷம் சொன்னார். அவர் முடித்ததும் எழுந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவளோ கையை உயர்த்தி, "இன்னும் அரை நிமிஷம் யாரும் பேசாதீர்கள், ஐயா, இந்தக் கூடத்தின் மௌனம் எனக்கு வேண்டும்" என்றாள். வெட்டி ஒட்டும் இடங்களில் வெறுமையை வைத்தால் காது திடுக்கிடும். அதே அறையின் மௌனத்தை வைத்துத் தைத்தால்தான் இழை அறாமல் வரும் என்று பின்னர் எனக்கு விளக்கினாள். அந்த அரை நிமிஷத்தில் ஓட்டின் மேல் ஏதோ பறவை நகரும் அரவம் வந்தது. பக்கத்து வீட்டுத் தறி சுவருக்கு அப்பால் மெல்ல இடித்தது. பெரியவர் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சையும் அடக்கினவர்போல், மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.